அண்ணன் தம்பி மூவர் வந்தபோது இங்கே பெண்கள் இருந்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காடு கோடை விழாவை ஒட்டி உங்கள் நாளிதழ் வெளியிட்ட நான்கு பக்கச் சிறப்பிணைப்பை எங்கள் ஊர் டீக்கடையில் படித்தேன். கடைக்காரரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். படகு இல்லம், மலர்க் கண்காட்சி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், இருபது கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் இருந்தன. மலையின் வரலாறு என்று தனியாக ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடி கொண்டுவந்தார் என்பதில் அந்த வரலாறு தொடங்குகிறது. இந்த மலையின் பழங்குடியினரான எங்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான். கேரளத்திலிருந்து வந்து குடியேறிய மலையாளிகள் என்று எங்களைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

ஐயா, நாங்கள் கேரளத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். எங்கள் பேச்சு தமிழ், தாலாட்டு தமிழ், ஒப்பாரியும் தமிழ். மலையில் வாழும் ஆள் மலையாளி, அவ்வளவுதான். சேர்வராயன் மலையில் மட்டுமல்ல, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி, ஜவ்வாது மலை எங்கும் எங்கள் மக்கள் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் தெரியாமல் கேட்டால் சிரித்துக்கொண்டே விளக்குவோம். அச்சில் வந்துவிட்டால் அப்படி விட்டுவிட முடியாது. எங்கள் பிள்ளைகளின் சாதிச் சான்று விசாரணையில் இந்தப் பெயர்க் குழப்பம் எத்தனை முறை குறுக்கே வந்திருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

பழங்குடியினர் பட்டியலில் எங்கள் பெயருக்கு எதிரே தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்கள் எழுதியிருக்கின்றன. ஈரோடு அதில் இல்லை. அதனால் பர்கூர் மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் சித்தி மகளின் பிள்ளைகள் பழங்குடியினர் இல்லை, இங்கேயே இருந்த நான் பழங்குடி. ஒரே அடுப்பில் சோறு தின்று வளர்ந்த எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மாவட்ட எல்லை வந்து நிற்கிறது.

எங்கள் மலையின் கதையை நான் கேட்டது என் அம்மாயியிடம், என் அம்மாவைப் பெற்றவரிடம். இரவில் அடுப்பங்கரையில் மொச்சை உரித்துக்கொண்டே சொல்வார். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலையைப் பிடித்துக்கொண்டான், நடுவண்ணனும் சின்னண்ணனும் அடுத்த அடுத்த மலைகளுக்குப் போனார்கள் என்பது கதை. எங்கள் ஊர்களில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஆனால் அம்மாயி ஓர் இடத்தில் நிறுத்துவார். வந்தவர்கள் இங்கே பெண் எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். எடுத்தார்கள் என்றால் அதற்கு முன்பே பெண்கள் இங்கே இருந்திருக்க வேண்டும் அல்லவா? சித்திரையிலும் வற்றாத சுனை எது, எந்தக் கிழங்கை எத்தனை தண்ணீர் மாற்றி வேகவைத்தால் கசப்பு போகும், எந்தப் பாறையில் தேன் கட்டும் என்பதையெல்லாம் வந்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது யார்? அண்ணன் தம்பி மூவருக்கும் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்களுக்கு ஏன் பெயர் இல்லை என்று கேட்பார். சின்ன வயதில் எனக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. பெரியண்ணன் புலியைக் கொன்றானா என்று தெரிந்துகொள்வதில்தான் எனக்கு அவசரம்.

அம்மாயி பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. 1920 வாக்கில் என்று நாங்களாகக் கணக்கிட்டுக்கொண்டோம். சேர்வராயன் கோயிலுக்குக் கீழே ஒரு சிற்றூர். கோயில் 5,326 அடி உயரத்தில், மலை உச்சியில் இருக்கிறது. தலை குனிந்து நுழைய வேண்டிய குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு எல்லா ஊரும் அங்கே கூடும். அம்மாயிக்குப் பெண் பேசியது அந்தத் திருவிழாக் கூட்டத்தில்தான். பரியமாக ஒரு கறவை மாடும் நான்கு மூட்டை சாமையும் தாத்தா வீட்டிலிருந்து வந்தன. எங்களில் மாப்பிள்ளை வீட்டார்தான் கொடுப்பார்கள். இப்போது எங்கள் ஊரிலேயே மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் கேட்கிறார்கள். கீழே இருந்து மலையேறி வந்த வழக்கங்களில் எனக்கு மிகவும் கசப்பானது இதுதான்.

தாத்தாவுக்கு மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான காடு இருந்தது. சரிவான இடம், ஏர் பூட்ட முடியாது. கொத்தால் கொத்தி சாமை, தினை, கேழ்வரகு விதைப்பார்கள். அம்மாயியின் கொத்து இன்றும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஒரு சாண் இருந்த இரும்பு மூன்று விரல் அகலத்துக்குத் தேய்ந்துபோயிருக்கிறது. காம்பில் அவருடைய வலது கை பிடித்த இடம் மட்டும் வழவழப்பாகக் குழிந்திருக்கும். என் கையை அங்கே வைத்தால் பொருந்தாது. அவர் கை என்னுடையதைவிடச் சிறியது.

விளைச்சல் போதாத மாதங்களில் கடுக்காய், சீகைக்காய், கல்பாசி பொறுக்கிச் சேலத்துக்குச் சுமந்து போவார்கள். இருட்டோடு புறப்பட்டு அடிவாரத்தில் இறங்கி, செவ்வாய்ப்பேட்டையில் விற்று, உப்பும் துணியும் மிளகாயும் வாங்கிக்கொண்டு மறுநாள் ஏறுவார்கள். 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் வந்த பிறகு பாட்டன் பூட்டன் காலத்துக் காடு ரிசர்வ் காடாகிவிட்டது. ஒரு முறை வனக் காவலர் கூடையைப் பிடுங்கிக் கடுக்காயைப் பாறையில் கொட்டிவிட்டாராம். அவர் போகும்வரை ஒளிந்திருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம் என்று அம்மாயி சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

நிலம் போனது 1950-களில். மாமன் ஒருவருக்கு நோய் வந்தபோது சமவெளியிலிருந்து வந்த ஒருவரிடம் தாத்தா கடன் வாங்கினார். படித்துக் காட்டாத ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். இரண்டு வருடத்தில் வேலி வந்துவிட்டது. சில்வர் ஓக் நட்டார்கள், அதன் நிழலில் காப்பி வைத்தார்கள், மரத்தில் மிளகுக் கொடி ஏற்றினார்கள். பழங்குடியினரின் நிலத்தைப் பிறர் வாங்குவதைத் தடுக்க ஆந்திரத்தின் மலைப்பகுதிகளில் 1959-இலேயே விதிமுறை வந்தது, 1970-இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். தமிழ்நாட்டில் அப்படியொரு தனிச்சட்டம் இன்றுவரை இல்லை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியை எங்களுக்காக ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே நிற்கும் வேட்பாளர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போதெல்லாம் நான் இதைத்தான் கேட்டு வருகிறேன்.

அம்மாயி தன் சொந்தச் சாமைக்காட்டிலேயே நாள் கூலிக்குக் காப்பிப் பழம் பறித்தார். நானும் பள்ளி விடுமுறையில் கூடப் போயிருக்கிறேன். மார்கழிக் குளிரில், பனி சொட்டும் செடிகளுக்கு நடுவே, இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இடது கையால் கிளையை வளைத்து, வலது கை விரல்களால் சிவந்த பழத்தை மட்டும் திருகி எடுப்பார். பச்சைக்காய் ஒன்றுகூட விழாது. காலில் ஏறும் அட்டையைக் குனிந்து பார்க்காமலே மற்றக் காலால் தேய்த்துவிடுவார். மாலையில் எடை போடும் இடத்தில் அவருக்குப் பெயர் கிடையாது, ஓர் எண்தான். வரப்போரம் இருந்த ஒரு பலா மரத்தை மட்டும் போகும்போதும் வரும்போதும் தொட்டுவிட்டு வருவார். அது அவர் வைத்த மரம்.

இவ்வளவும் அவருடைய பகல் வேலை. இரவில் அவர் மருத்துவச்சி. சுற்றியுள்ள ஏழெட்டு ஊர்களில் எந்த நேரம் வலி எடுத்தாலும் பந்தம் பிடித்துக்கொண்டு ஆள் வந்துவிடும். வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே தலை எங்கே, கால் எங்கே என்று சொல்லிவிடுவார். குழந்தை குறுக்கே கிடந்தால் காத்திருக்கமாட்டார். உடனே தூளி கட்டி ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கச் சொல்வார். நான் துணைச் செவிலியர் பயிற்சி முடித்து 1983-இல் இதே மலையில் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தபோது, மூங்கில் சிறாம்பால் தொப்புள்கொடி அறுக்கக் கூடாது, இரண ஜன்னி (டெட்டனஸ்) வரும் என்று அவரிடம் சொல்ல பயந்துகொண்டே போனேன். முழுக்கக் கேட்டார். என் பையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை நேரம் கொதிக்க வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து சிறாம்பைத் தொடவில்லை. எனக்கு முப்பத்தாறு வருட அரசுப் பணியில் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அதுதான்.

மருத்துவச்சி என்பதால்தான் எந்தப் பிள்ளை எந்த வயிற்றில் பிறந்தது என்பது அவருக்கு அத்துப்படி. அப்பன் வழியை எங்கள் ஊர்த் தலைவர்களான ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் சொல்வார்கள். தாய் வழி அம்மாயியின் நினைவில் மட்டும் இருந்தது. அதை நான் எழுதி வைத்துக்கொள்ள ஒரு விசாரணை காரணமாக அமைந்தது.

1966-இல் என்னைப் பள்ளியில் சேர்த்தபோது என்ன சாதி என்று கேட்டதற்கு என் அப்பா மலைக்கவுண்டர் என்றார். எங்களில் பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. கீழிருந்து வந்திருந்த ஆசிரியர் இந்து கவுண்டர் என்று எழுதிவிட்டார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. 1979-இல் பயிற்சிக்கு மனுப் போட்டபோது மணியக்காரர் எங்கள் குடும்பத்தை அறிந்தவர் என்பதால் தாசில்தாரிடம் சான்று கிடைத்தது. 1989-க்குப் பிறகு பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும் என்று ஆயிற்று. போலிச் சான்று வாங்கியவர்களால் வந்த கெடுபிடி அது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2002-இல் என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சான்று கேட்டபோது என்னுடைய பழைய பள்ளிப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள். என் கணவர் பள்ளிக்கே போகாதவர், அவர் பக்கம் காட்ட ஒரு தாளும் இல்லை. இந்து கவுண்டர் என்ற அந்த இரண்டு சொல்லுக்காக விசாரணை வீட்டுக்கு வந்தது.

வந்த அலுவலர் அம்மாயியை எதிரே உட்கார வைத்தார். எண்பது வயதைத் தாண்டியவரை நீ, வா என்றுதான் பேசினார். குலதெய்வம் எது, கல்யாணத்தில் என்ன கொடுப்பீர்கள், செத்தால் எரிப்பீர்களா புதைப்பீர்களா, கேரளத்தில் உறவினர் உண்டா என்று கேட்டார். அம்மாயி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இதற்கெல்லாம் என்ன ஆதாரம் என்றார் அவர். அம்மாயி எழுந்து கோலை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னால் போனோம். ஊருக்கு மேற்கே எங்கள் இடுகாடு. கல் நட்ட இடங்களைக் கோலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இது என் தாய். இது அவளைப் பெற்றவள், இரட்டைப் பிள்ளை பெற்று இரண்டையும் காப்பாற்றியவள். இது அவளுடைய தாய், கொல்லிமலையிலிருந்து நடந்தே வந்து வாழ்ந்தவள். அடுத்தவள் கரடி அடித்துச் செத்தவள். கல் இல்லாத இடத்துக்கு வந்தபோதும் நிற்கவில்லை. இங்கேதான் எங்கோ இருக்கிறாள் என்று சொல்லி அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார், அவளுடைய தாயின் பெயரையும் சொன்னார். ஆறு பெண்கள். என் பையில் வேறு தாள் இல்லை. ஒரு தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

இருபது வயதுக்கு ஒரு பிள்ளை என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் ஆறாவது பெண் 1800-க்கு முன்போ அதை ஒட்டியோ பிறந்திருக்க வேண்டும். காக்பர்ன் துரை காப்பிச் செடியோடு மலையேறியபோது அவள் இங்கே சாமை குத்திக்கொண்டிருந்திருப்பாள். உங்கள் பெட்டிச் செய்தி தொடங்கும் அந்த வருடங்களில் எங்களுக்கு இடுகாடு இருந்தது ஐயா.

அலுவலர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. சான்று பதினான்கு மாதம் கழித்து வந்தது. அதற்குள் கலந்தாய்வு முடிந்திருந்தது. பொறியியல் படிக்க மதிப்பெண் வைத்திருந்த என் மகன் இன்று ஜீப் ஓட்டுகிறான். கோடை விழாவுக்கு வரும் உங்கள் வாசகர்களை பகோடா பாயிண்டுக்கு அழைத்துப் போவது அவனாகவும் இருக்கலாம்.

அம்மாயி 2009-இல் காலமானார். காட்டில் வாழ்கிறவர்களுக்கு நில உரிமை தரும் வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31-ஆம் தேதி. அந்தச் சட்டத்தின் விதிகளில், உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கினால் அதுவும் சான்று என்று இருக்கிறது. வம்சாவளியையும் சான்றாக ஏற்கலாம் என்றும் இருக்கிறது. இதை நான் பணியில் இருந்தபோது ஒரு பயிற்சி முகாமில் கேட்டேன். கேட்டவுடன் இடுகாட்டில் கோல் ஊன்றி நின்ற அம்மாயிதான் நினைவுக்கு வந்தார். அவர் சொன்னதைத் தடுப்பூசி அட்டையில் எழுதுவதற்குப் பதிலாக ஒரு முத்திரைத் தாளில் எழுதி, கிராம சபையில் படித்து, கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. இந்த வருத்தம் எனக்கு நிரந்தரம்.

அதனால்தான் உங்களிடம் இரண்டு கேட்கிறேன். ஒன்று, அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள். சிறப்பிணைப்பில் எவ்வளவு பெரிய எழுத்தில் வந்ததோ அதே எழுத்தில் போடுங்கள். ஏனென்றால் என் பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய சான்றுக்கான மனு இ-சேவை மையத்தில் போட்டு ஏழு மாதம் ஆகிறது. விசாரணைக்கு வரப்போகிறவர் உங்கள் நாளிதழைப் படிக்கிறவராக இருக்கலாம்.

இரண்டாவது, ஒரு நிருபரை மலைக்கு அனுப்புங்கள். கோடை விழா நேரத்தில் வேண்டாம், அப்போது பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. ஆடி, ஆவணியில் அனுப்புங்கள். நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடை, மாரமங்கலம், தலைச்சோலை ஊராட்சிகளில் எண்பதைத் தாண்டிய பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தே ஒன்பது பேர். போன மழைக்காலத்துக்கு முன் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களிடம் காப்பியைப் பற்றிக் கேட்க வேண்டாம். உங்கள் தாய் யார், அவளைப் பெற்றவள் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் எழுதச் சொல்லுங்கள். நன்றாகக் காது கேட்காத இருவர் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் கூட வந்து பேசித் தருகிறேன்.

பேத்தியின் மனு முடிவாகும்வரை என் பெயரையும் அம்மாயியின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆறு பெண்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி உங்கள் பார்வைக்காக மட்டும் இணைத்திருக்கிறேன். நான்காவது பெயரில் ஓர் எழுத்து மழைத்தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது. அது ளகரமா லகரமா என்று எனக்குத் தெரியவில்லை. நிருபர் வரும்போது மாரமங்கலத்தில் இருக்கும் என் பெரியம்மாவிடம் முதலில் அழைத்துப் போகிறேன். அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
நாகலூர் ஊராட்சி, ஏற்காடு வட்டம்,
சேலம் மாவட்டம்.